1969 ஷெவெல்: காப்பதா, புதுப்பிப்பதா, மாற்றுவதா?

ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்க மசில் கார் (நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய எஞ்சினைப் பொருத்திய வேகமான கார்) ஒன்று கைக்கு வந்த பிறகு அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு நான்கு விடைகள் உண்டு. இருப்பதை இருந்தபடியே காப்பாற்றலாம். கடைசி போல்ட் வரை பிரித்து, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்குக் கொண்டுவரலாம். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இன்றைய எஞ்சினையும் பிரேக்கையும் பொருத்தி, அமெரிக்காவில் ரெஸ்டோமாட் என்று சொல்லப்படும் வகையாக மாற்றலாம். அல்லது ஓட்டிக்கொண்டே ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் சீர்செய்து வரலாம். ஓராண்டில் விற்றுவிட நினைப்பவருக்கும் இருபது முப்பது ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவருக்கும் விடை ஒன்றாக இருக்க முடியாது. இந்தக் கட்டுரை இரண்டாமவருக்கானது.

பொதுவாகப் பேசினால் எல்லா வழியும் சரியென்றே தோன்றும் என்பதால், 1969ஆம் ஆண்டின் செவ்ரோலே ஷெவெல் எஸ்எஸ் 396ஐ (396 என்பது கன அங்குலத்தில் எஞ்சினின் அளவு) எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டில் எஸ்எஸ் 396 தொகுப்போடு 86,000க்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. ஆகவே இது அருங்காட்சியகத்துக்கு மட்டுமே உரிய அபூர்வப் பொருள் அன்று, உதிரிபாகம் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். அதேசமயம் போலிகளும் நிறைய உலவுகின்றன. நான்கு வழிகளுமே இந்தக் காருக்குப் பொருந்தும் என்பதுதான் இதன் வசதி, இதன் சிக்கலும் அதுவே.

முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1964இல் பான்டியாக் நிறுவனம், நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி ஜிடிஓ என்ற பெயரில் விற்கத் தொடங்கியதிலிருந்து, காப்பீட்டுக் கட்டண உயர்வும், 1970இன் தூய காற்றுச் சட்டமும், 1971இல் செவ்ரோலே, பான்டியாக் இரண்டின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்ததும், 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து இந்த வகையை முடித்துவைக்கும் வரை, மசில் கார் என்பது இளைஞர்கள் மாதத் தவணையில் வாங்கிய மலிவான, வேகமான வண்டியாகவே இருந்தது. அரை நூற்றாண்டு தாங்க வேண்டும் என்று எவரும் அதைச் செய்யவில்லை. கதவு இடைவெளிகள் சீராக இல்லை, துருத்தடுப்பு பெயரளவுக்கே இருந்தது, பெயின்ட்டில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு தெரிந்தது. எனவே “பழைய நிலைக்குக் கொண்டுவருவது” என்று சொல்லும்போது, எந்தப் பழைய நிலை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்பு கையிலிருப்பது என்ன கார் என்று தெரிய வேண்டும். 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி மாடலாக இருந்ததால், அதன் அடையாள எண் 138 என்று தொடங்கும். அந்த எண்ணே சாட்சி சொல்லும். 1969இல் அது வெறும் விருப்பத் தொகுப்பாக, சுமார் 350 டாலர் கூடுதல் விலையில் ஸெட்25 என்ற குறியீட்டோடு விற்கப்பட்டது. ஆகவே டாஷ்போர்டில் கண்ணாடி வழியாகத் தெரியும் எண்ணைப் பார்த்தால், ஷெவெல் வரிசையின் ஒரு வகையான எட்டு சிலிண்டர் மாலிபுவுக்கும் எஸ்எஸ் மாலிபுவுக்கும் வித்தியாசமே தெரியாது. சாதாரண மாலிபுவின் முகப்பில் எஸ்எஸ் சின்னத்தை ஒட்டி விற்பது இதனாலேயே எளிதாயிற்று. பான்டியாக் கார்களுக்கு நிறுவனத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து நகல் பெறும் வழி இருக்கிறது; 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கும் அப்படியே. அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அந்த வசதி இல்லை. தொழிற்சாலை ஊழியர்கள் வேலைக்குப் பயன்படுத்திவிட்டுச் செருகிவைத்த பில்ட் ஷீட் என்ற காகிதம் பெட்ரோல் டேங்க்கின் மேல்பக்கத்திலோ, பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலோ இன்னும் இருக்கக்கூடும். டேங்க்கை இறக்கும்போது, எலி கடித்து, தொட்டால் உதிரும் நிலையில் அந்தக் காகிதம் கிடைத்தால், அதைப் பிய்த்தெடுக்காமல் ஈரப்படுத்தி மெல்லப் பிரிக்க வேண்டும். அந்தக் காரில் அதைவிட விலை மதிப்புள்ள உதிரிபாகம் வேறு இருக்காது.

அடுத்த சாட்சி எஞ்சின் பிளாக். வலப்புற சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், கட்டைவிரல் அகலத்தில் தட்டையாகச் செதுக்கிய ஒரு மேடை இருக்கும். நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா ஆலையைக் குறிக்கும் டி எழுத்தும், எஞ்சின் பூட்டிய மாதமும் நாளும், எஞ்சின் வகைக் குறியீடும், காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் அதில் குத்தப்பட்டிருக்கும். அந்த மேடையின் மேற்பரப்பில் ஆலையின் வெட்டுக்கருவி விட்டுச்சென்ற மெல்லிய நேர்கோடுகள் தெரிய வேண்டும். கோடுகள் இல்லாமல் வழவழப்பாக இருந்தால், பிளாக் பிற்காலத்தில் சமன்படுத்தப்பட்டது அல்லது எண் புதிதாகக் குத்தப்பட்டது என்று பொருள். எஞ்சினில் குத்திய எண் காரின் அடையாள எண்ணோடு பொருந்திய கார் என்றால் நான்கு வழிகளில் மூன்றாவதை யோசிக்கவே கூடாது என்பது என் கருத்து. பொருந்தாத கார் என்றால் இரண்டாவதற்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி திரும்ப வராது.

இனி முதல் வழி. தொழிற்சாலை பெயின்ட்டோடும், தேய்ந்த சீட் உறையோடும் தப்பிப் பிழைத்த கார்களுக்கு மதிப்பு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நடிகர் ஸ்டீவ் மக்வீன் திரையில் ஓட்டிய பச்சை நிற 1968 ஃபோர்டு மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974 முதல் வைத்திருந்து, கீறலும் மங்கலுமாக, பெயின்ட் அடிக்காமலேயே 2020 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. கட்டணம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு அது விலைபோனது. அந்த விலை நடிகரின் புகழுக்குக் கிடைத்ததுதான், ஐயமில்லை. ஆனாலும் அதைப் புதுப்பித்துப் பளபளப்பாக்கியிருந்தால் யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கப் பழங்கார்ச் சங்கம், மாற்றம் காணாத கார்களுக்கென்றே தனிப்பிரிவு வைத்துச் சான்று தருகிறது.

இந்த வழியின் செலவு மிகக் குறைவு. நிபந்தனை மட்டும் கடுமையானது: கார் உண்மையிலேயே அப்படிப்பட்டதாக இருக்க வேண்டும். பாதி பெயின்ட் பின்னாளில் அடித்தது, ஒரு மட்கார்டு வேறு காரிலிருந்து வந்தது, சீட் எப்போதோ மாற்றியது என்றால், அங்கே காப்பதற்கு எதுவும் இல்லை. அது வெறும் பழைய கார். பெயின்ட்டின் தடிமன் அளக்கும் கருவியை உடல் முழுவதும் ஓட்டிப் பார்த்தால் பட்டி எங்கே இருக்கிறது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இன்னொரு குறை, இப்படிப்பட்ட காரை அதிகம் ஓட்ட முடியாது. ஓட்டினால் எது தேய்கிறதோ அதுதான் அதன் மதிப்பு.

இரண்டாவது வழியான முழுப் புனரமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மனம் முதலில் நாடுவது அதையே. ஷெவெலின் உடல் தனி, அடிச்சட்டம் தனி. ரப்பர் புஷ்கள் வழியாக இரண்டையும் இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, உடலைத் தூக்கி, சட்டத்தைத் தனியே சுத்தம் செய்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுவதுதான் வேலை. சட்டமும் உடலும் ஒன்றாகவே செய்யப்பட்ட மஸ்டாங்கோடு ஒப்பிட்டால் இது எளிது. மஸ்டாங்கில் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுப் பெட்டி துருப்பிடித்து, மழைநீர் தரையில் இறங்கி, சுமை தாங்கும் பகுதியே அரித்துவிடும். ஷெவெலுக்குத் துருப்பிடிக்கும் இடங்கள் வேறு. பின்கண்ணாடியின் கீழ் விளிம்பில் நீர் தேங்குகிறது, அதிலும் வினைல் கூரை போட்ட கார் என்றால் துணிக்கு அடியில் ஈரம் நிரந்தரமாகத் தங்குகிறது. அங்கிருந்து டிக்கியின் தரைக்குச் சொட்டி, பின் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள கீழ்ப்பகுதியைத் தின்கிறது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்களில் ஓடிய காரென்றால் பின் அச்சுக்கு மேலே வளையும் சட்டத்தையும் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். அரிசோனா கார்களில் இரும்பு நன்றாக இருக்கும், வெயிலில் டாஷ்போர்டும் சீட்டும் வெடித்திருக்கும். சீட்டைத் தைப்பது டிங்கரிங் வேலையைவிட எவ்வளவோ மலிவு.

அமெரிக்கப் பட்டறைகளில் ஒரு முழுப் புனரமைப்பு ஆயிரம் மணி நேர வேலையைத் தாண்டுவது சாதாரணம். மணிக்கு நூறு டாலர் என்று வைத்துக்கொண்டாலே கூலி மட்டும் ஒரு லட்சம் டாலர் ஆகிறது. அடிப்படை 325 குதிரைத்திறன் எஞ்சின் கொண்ட சாதாரண எஸ்எஸ் 396இன் சந்தை விலை அந்தத் தொகையைத் தொடுவதில்லை. 375 குதிரைத்திறன் எல்78 எஞ்சினும் நான்கு கியர் மஞ்சி கியர்பாக்ஸும் ஆவணத்தோடு இருந்தால் கணக்கு மாறலாம். தானே வேலை செய்பவருக்குக் கூலி மிச்சம்தான். ஆனால் அவர் செலவிடுவது வார இறுதிகளை. அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. கார் பிரிந்த நிலையில் நின்றுவிடுகிறது. பழைய வீட்டின் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஓடு வாங்கக் கடைக்குப் புறப்படுவதைப் போன்ற வேலை இது. இடையில் வேலை மாற்றமோ, குழந்தையோ, நோயோ வந்தால் பெட்டி பெட்டியாக உதிரிபாகங்களும் சக்கரமில்லாத சட்டமும் கராஜில் கிடக்கும். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது இரண்டு ஆண்டுகளில் மறந்துபோகும். பட்டறையில் விட்டாலும் அதே கதைதான்: காப்பீட்டு நிறுவனம் பணம் தரும் விபத்து வண்டிகளை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் பார்ப்பார்கள். அப்படி ஆண்டுக்கணக்கில் பட்டறையில் கிடக்கும் கார்கள் “பெயின்ட் ஜெயிலில்” இருப்பதாக அமெரிக்க ஆர்வலர்கள் சொல்வதுண்டு. பாதி முடிந்த ஷெவெல் விற்பனைக்கு என்ற விளம்பரங்கள் ஓயாமல் வருவதற்கு இதுவே காரணம்.

செய்பவரின் கைத்திறனையும் சொல்ல வேண்டும். மணல் வீசிப் பெயின்ட்டை உரிக்கும்போது, போனட், கதவு போன்ற அகன்ற தட்டையான தகடுகள் நெளிந்துவிடும். நெளிந்த தகடு பழைய நிலைக்கு வராது, அதன் மேல் பட்டிதான் பூச வேண்டியிருக்கும். அப்புறம் பெயின்ட். 1969இல் ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர். இன்று அடிப்பது நிறப்பூச்சும் அதன் மேல் தெளிபூச்சும். கண்ணாடி போல மின்னும் அந்தப் பளபளப்பு எந்த ஷெவெலுக்கும் பிறப்பில் இருந்ததில்லை. இல்லினாயின் ரோஸ்மான்ட்டில் ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும் மசில் கார் கண்காட்சியில் உயர்ந்த பிரிவில் நிற்கும் கார்களில், ஆலை ஊழியர் சாக்பீஸால் கிறுக்கிய அடையாளத்தையும் கீழே வழிந்த பெயின்ட் துளியையும்கூட வேண்டுமென்றே திரும்ப வரைந்திருப்பார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அப்படி முடித்த காரை மழையில் எடுக்க எவருக்கும் மனம் வராது.

மூன்றாவது, ரெஸ்டோமாட். ஓட்டும் சுகம் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் இதற்கு ஈடில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால 6.2 லிட்டர் எல்எஸ்3 எஞ்சின் 430 குதிரைத்திறன் தருகிறது. அன்றைய 325 என்ற எண், குளிர்விசிறியும் சைலன்சரும் ஆல்டர்னேட்டரும் இல்லாமல் அளந்த மொத்தத் திறன் என்பதால், உண்மையான இடைவெளி தாளில் தெரிவதைவிட இன்னும் பெரிது. அலுமினிய எஞ்சின் என்பதால் முன்பக்கம் இருநூறு பவுண்டுக்கு மேல் எடை குறைகிறது. ஓவர்டிரைவ் கியர், நான்கு சக்கர டிஸ்க் பிரேக், டெக்சாஸிலிருந்து வரும் விண்டேஜ் ஏர் ஏசி எல்லாம் சேர்ந்தால், ஜூலை வெயிலில் குடும்பத்தோடு ஐந்நூறு மைல் போகலாம். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனை விலக்கு இருப்பதால், எஞ்சின் மாற்றம் சட்டச் சிக்கலாகவும் ஆவதில்லை.

குறைகள் இரண்டு. முதலாவது, இன்றைய தொழில்நுட்பம் சீக்கிரம் பழையதாகிறது. 1969இன் கார்புரேட்டரை இன்றும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு சரிசெய்யலாம். 2009இல் பொருத்திய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் அதன் ஒயரிங்குக்கும் 2039இல் உதிரி தேடுவது அவ்வளவு எளிதாக இராது. முப்பது ஆண்டுக் கணக்கு போடுபவர் இதை ஒதுக்க முடியாது. இரண்டாவது, ரெஸ்டோமாட் என்பது ஒருவருடைய ரசனை. அவருக்குப் பிடித்த இருபது அங்குலச் சக்கரம் வாங்க வருபவருக்குப் பிடிக்காமல் போனால், போட்ட பணம் அவரோடு போகிறது. பெரும் பெயர் பெற்ற சில பட்டறைகளின் தயாரிப்புகள் மட்டுமே இதற்கு விலக்கு. எண்கள் பொருந்தாத, எஞ்சின் ஏற்கெனவே தொலைந்த சாதாரண மாலிபு கைக்கு வந்தால் மட்டும் தயங்காமல் இந்த வழியில் போகலாம்; அங்கே கெடுப்பதற்கு வரலாறு எதுவும் இல்லை.

நான் பரிந்துரைப்பது நான்காவது வழி. காரணம் எளியது: கார் எப்போதும் ஓடும் நிலையில் இருக்கிறது, ஒவ்வொரு வேலையும் ஒரு குளிர்காலத்துக்குள் முடிகிறது, செய்ததில் பெரும்பாலானவற்றைத் திரும்ப மாற்ற முடிகிறது. நீண்ட நாள் வைத்திருப்பவருக்குக் கடைசிக் காரணமே முக்கியம். பத்தாண்டுக்கு முன் தெரியாத விஷயம் இன்று தெரியும், கிடைக்காத உதிரி இன்று கிடைக்கும். முழுவதையும் ஒரே மூச்சில் செய்து முடித்தவருக்கு அந்தப் பலன் இல்லை.

வரிசை முக்கியம். முதல் ஆண்டில் பெயின்ட்டைப் பற்றிப் பேசவே கூடாது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே குழாயை அரிக்கும் என்பதால் இரும்புக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், பின் சக்கர சிலிண்டர்கள் மூன்றையும் முதலில் மாற்ற வேண்டும். எஸ்எஸ் தொகுப்பில் முன் டிஸ்க் பிரேக் ஆலையிலேயே வந்ததால் மேற்கொண்டு பெரிய செலவு இல்லை. அடுத்து பெட்ரோல் பாதை: இன்றைய பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், அந்தக் கால ரப்பர் மென்மையாகிக் கசியும், சூடான எஞ்சினுக்கு மேலே கசிந்தால் தீ. பிறகு டயர், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்க்காமல் பட்டன் தேய்மானத்தை மட்டும் பார்ப்பவர்கள் நிறைய பேர். ரேடியேட்டர் அதற்குப் பின்.

எஞ்சினைத் திறப்பதில் அவசரம் வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் 1996 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்குத் தடைசெய்யப்பட்டதால், ஈயம் தந்த காப்பு இல்லாமல் வால்வு சீட்டுகள் அழிந்துவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. ஆண்டுக்குச் சில ஆயிரம் மைல், மிதமான வேகத்தில் ஓடும் காரில் அந்தத் தேய்மானம் மெதுவாகவே நிகழும். ஹெட்டை வேறு காரணத்துக்காகக் கழற்றும் நாளில் கடினச் சீட்டுகளைப் பொருத்திக்கொண்டால் போதும். ஆயிலில்தான் கவனம் தேவை. கேம்ஷாஃப்ட் மீது டாப்பெட் உரசிச் செல்லும் அமைப்பு இது. இன்றைய கார்களுக்கான ஆயிலில் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம் குறைக்கப்பட்டிருப்பதால், பழைய எஞ்சினுக்கென்று விற்கும் ஆயிலையே ஊற்ற வேண்டும். 10.25:1 அழுத்த விகிதம் என்பதால் பிரீமியம் பெட்ரோல் கட்டாயம்.

இந்த வழியிலும் ரெஸ்டோமாட்டின் சில வசதிகளை எடுத்துக்கொள்ளலாம், ஒரு கட்டுப்பாட்டோடு: புதிதாக எதையும் வெட்டவோ துளையிடவோ கூடாது. ரேடியல் டயர், மின்னணு இக்னிஷன், ஐந்து கியர் பெட்டி போன்றவை பெரும்பாலும் இருக்கும் போல்ட் துளைகளிலேயே பொருந்தும். கழற்றிய குவாட்ராஜெட் கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் எண்ணெய் தடவி, பெயர் எழுதிய பையில் போட்டு வைத்தால், அடுத்து வருபவர் ஒரே வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆறு கியர் பெட்டிக்காகத் தரையை வெட்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. ஓட்டிக்கொண்டே செய்யும் வேலையில் ஒரே இடத்தை இரண்டு முறை திறக்க நேரும். புதிய பாகத்துக்குப் பக்கத்தில் பழைய பாகம் அசிங்கமாகத் தெரியும். போனட்டைத் திறந்து காட்டிப் பரிசு வாங்க முடியாது. துரு சட்டத்தை எட்டியிருந்தால் இந்த வழியே பொருந்தாது. அங்கே வெல்டிங் வேலையைத் தவணை முறையில் செய்வது ஆபத்து. காப்பீட்டையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பழங்கார்களுக்கான ஒப்புக்கொண்ட மதிப்புக் காப்பீடு நல்ல ஏற்பாடுதான், ஆனால் தினமும் அலுவலகம் போக அந்தக் காரை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். செய்த வேலைக்கேற்ப மதிப்பை உயர்த்தாவிட்டால் பழைய தொகைதான் கிடைக்கும்.

முதலீடு என்ற வாதத்தை நான் நான்கு வழிகளில் எதற்கும் ஆதரவாகச் சேர்க்கவில்லை. 2006, 2007 வாக்கில் உச்சத்துக்குப் போன மசில் கார் விலைகள் 2008க்குப் பிறகு சரிந்ததைப் பார்த்தவர்கள் அந்த வாதத்தை எடுப்பதில்லை. ஆகஸ்டு மாதத்தில் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் ஆயிரக்கணக்கான கார்கள் ஊர்ந்து செல்லும்போது அந்த வரிசையில் சேர வேண்டும் என்ற ஆசையே போதுமான காரணம்.

பின்கண்ணாடி விளிம்பும் சட்டமும் சேர்ந்து அரித்து, எஞ்சின் எண் பொருந்தாமல், காகிதமும் இல்லாத கார் என்றால் நான்கையும் விட்டுவிட்டு அதை விற்று, மேலும் பணம் போட்டு வேறொருவர் முடித்துவைத்த காரை வாங்குவதுதான் மலிவு. முடித்தவர் போட்ட கூலியில் பெரும்பகுதியை வாங்குபவர் கொடுப்பதில்லை. அப்படி வாங்கும்போது காரை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்ப்பதோடு, பிரைமர் அடிப்பதற்கு முன் வெறும் தகடாக இருந்தபோது எடுத்த படங்களையும் கேட்க வேண்டும். படம் இல்லை என்று விற்பவர் சொன்னால், பெயின்ட்டுக்கு அடியில் பட்டிதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலை பேசலாம்.